பழைய சொகுசு காருக்குப் புது எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜாகுவாரோ பென்ஸோ ரோல்ஸ் ராய்ஸோ வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதில் அந்த எஞ்சின் உட்காருமா?" என்றுதான். உட்காரும். வெல்டிங்கும் பொறுமையும் போதுமான அளவு இருந்தால் எதற்குள்ளும் எதையும் உட்கார வைக்கலாம். உட்கார்ந்த பிறகு அது சொகுசுக் காராகவே இருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. கீழே இருக்கும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

பழைய எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட், சிலிண்டருக்குள் காற்றடைத்துக் கசிவு பார்க்கும் டெஸ்ட், நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர். இந்த மூன்றும் ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. இதைச் செய்யாமலே எஞ்சின் வாங்கக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"ரொம்பச் சூடாகிறது, அதனால் மாற்றப் போகிறேன்" என்பவர்கள்தான் அதிகம். ஜாகுவாரின் 5.3 லிட்டர் வி12 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் எக்ஸ்ஜே12 காரில் வந்தது. சூடாகும் எஞ்சின் என்று பெயர் கெட்டுப்போனது. பல கார்களில் குற்றவாளி எஞ்சினே இல்லை. ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும். அல்லது இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வெந்து வெந்து டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் பொறிமுறை இறுகிப்போயிருக்கும். அட்வான்ஸ் நகராவிட்டால் தீப்பொறி தாமதமாகும், வெப்பம் எக்ஸாஸ்ட் பக்கம் ஏறும், வண்டி கொதிக்கும். அந்த அடைத்த ரேடியேட்டரை அப்படியே விட்டுப் புது எஞ்சினைப் போட்டால் அதுவும் கொதிக்கத்தான் செய்யும்.

நியாயமான காரணங்களும் உண்டு. பிளாக் விரிசல் விட்டிருக்கலாம். உதிரி பாகம் கிடைக்காமல் போயிருக்கலாம். முந்தைய உரிமையாளர் எஞ்சினை எப்போதோ கழற்றி விற்றிருக்கலாம். அல்லது தினமும் நம்பி ஓட்ட வேண்டும் என்ற ஆசை இருக்கலாம். கடைசிக் காரணத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். போர்த்தி வைத்திருக்கும் காரைவிட ஓடும் கார் மேல்.

"புது எஞ்சின்" என்றால் எவ்வளவு புதிது?

என் அனுபவத்தில், பழைய காருக்கு மிகவும் ஒத்துப்போவது 1990-களிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை வந்த எஞ்சின்கள். கம்ப்யூட்டர் இன்ஜெக்ஷன் இருக்கும். குளிர்காலக் காலையிலும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் இசியு என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும், ஊர் வம்புக்குப் போகாது.

அதற்குப் பின் வந்தவற்றில் கதை மாறுகிறது. எஞ்சின் இசியு, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், ஏபிஎஸ், மீட்டர் பலகை, சாவி எல்லாம் கேன் என்ற ஒரே தகவல் இணைப்பில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ஒன்று பதில் சொல்லாவிட்டால் மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எஞ்சின் ஓடவே மறுக்கலாம், அல்லது பாதி சக்தியில் முனகலாம். நேரடி இன்ஜெக்ஷன் உள்ள எஞ்சினாக இருந்தால், நூறு பாருக்கு மேல் அழுத்தம் தரும் தனிப் பம்ப், அதை ஆளும் மென்பொருள் என்று இன்னொரு அடுக்கு சேரும். முடியாதது என்று சொல்லவில்லை. முதல் முறை செய்பவர் அங்கே தொடங்க வேண்டாம்.

எல்லோரும் எந்த எஞ்சினைப் போடுகிறார்கள்? ஏன் அதையே?

ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து வி8. 1997-இல் கார்வெட் காரில் எல்எஸ்1 என்ற பெயரில் 5.7 லிட்டரில் வந்தது. அலுமினிய பிளாக், 345 குதிரைத்திறன். அதைப் பார்த்ததும் "லாரிக்காரன் தொழில்நுட்பம்" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. காரணம், வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் அதில் சிலிண்டர் ஹெட்டின் மேலே இல்லை, பிளாக்கின் நடுவே இருக்கிறது. வால்வுகளைத் தள்ளுகம்பி திறக்கிறது. பழைய முறைதான். ஆனால் அதனால்தான் அது பழைய கார்களில் இடம் பிடிக்கிறது. ஹெட்டுக்கு மேல் இரண்டிரண்டு கேம்ஷாஃப்ட் சுமக்கும் வி8 இரு பக்கமும் அகன்று நிற்கும். தள்ளுகம்பி வி8 அதைவிட ஒடுங்கியது, உயரமும் குறைவு. கொள்ளளவு பெரிதாக இருந்தாலும் வெளியளவு சிறியது. பழைய காரின் பானட்டுக்கு அடியில் லிட்டர் கணக்கு செல்லாது, அங்குலக் கணக்குதான் செல்லும்.

அடுத்தது டொயோட்டாவின் 1யுஇசட்-எஃப்இ, 4.0 லிட்டர். 1989-இல் லெக்ஸஸ் எல்எஸ்400 காருக்காக வந்தது. பிறவியிலேயே சொகுசு எஞ்சின். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகம் வரும். நான்கு கேம்ஷாஃப்ட், ஆகவே அகலம். ஸ்டியரிங் தண்டு போகும் பக்கத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இடிக்கும், புதிதாக வளைத்துச் செய்ய வேண்டும்.

டீசல் விரும்பிகளுக்கு மெர்சிடஸின் ஓஎம்606: 3.0 லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர், 24 வால்வு. எலக்ட்ரானிக் பம்பைக் கழற்றிப் பழைய முறை மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் பம்ப் போட்டால் இசியு இல்லாமலே ஓடும். வயரிங்கைக் கண்டு பயப்படுகிறவர்கள் இதன் பக்கம் சாய்வார்கள்.

என் மனது சாய்வது வேறு இடத்தில். முடிந்தவரை அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறை எஞ்சினைத் தேடுங்கள். பழைய ஜாகுவார் ஆறு சிலிண்டருக்கு, 1990-களில் வந்த ஜாகுவாரின் ஏஜே16 நேர்வரிசை ஆறு. பழைய பென்ஸ் வி8-க்குப் பின்னாளைய பென்ஸ் வி8. குதிரைத்திறனில் எல்எஸ் முந்தும். ஆனால் பானட்டைத் திறக்கும்போது காரும் எஞ்சினும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும். விற்கும்போதும் வாங்குபவர் முகம் சுருங்காது.

நான்கு சிலிண்டர் டர்போ போதாதா? சக்தி அதே அளவு வருகிறதே?

சக்தி வரும். சொகுசு வராது. இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம்.

ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது நொடிக்கு 10 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்குப் பாதி சிலிண்டர்கள் வெடிக்கும். நான்கு சிலிண்டரில் நொடிக்கு 20 வெடிப்பு. ஆறில் 30. வி8-இல் 40. வி12-இல் 60. வெடிப்புகள் நெருங்க நெருங்க ஒவ்வொன்றும் சிறிதாகும், அடுத்ததோடு கலந்துவிடும். நொடிக்கு 20 முறை வரும் உதறலை இருக்கையும் ஸ்டியரிங்கும் நன்றாகவே உணரும். 60 முறை வருவதை எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மௌண்டிங் விழுங்கிவிடும்.

இதோடு முடியவில்லை. நேர்வரிசை ஆறில் பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகள் தமக்குள்ளேயே ஒன்றையொன்று தின்றுவிடும். வி12 என்பது அப்படிப்பட்ட இரண்டு ஆறு, ஒரே கிராங்க்கில். நேர்வரிசை நான்கில் சுற்றின் இரட்டை வேகத்தில் ஒரு குலுக்கல் மிச்சமிருக்கும். அதைச் சமாளிக்கத்தான் பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் எதிர்த்திசையில் சுற்றும் சமன்தண்டுகள் வைக்கிறார்கள். பழைய சொகுசுக் காரின் பாடி, மௌண்டிங், இருக்கை, சைலன்சர் எல்லாம் அதன் சொந்த எஞ்சினின் அதிர்வுக்கு ஏற்ப மெருகேற்றப்பட்டவை. அவற்றின் நடுவே வேறு தாளத்தில் ஒரு எஞ்சினை வைத்தால், இதுவரை வாயே திறக்காத கண்ணாடியும் டாஷ்போர்டு மரப்பலகையும் பேசத் தொடங்கும்.

ஆகவே மாற்று எஞ்சினில் சிலிண்டர் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தே ஆக வேண்டுமென்றால் வி12-இலிருந்து வி8 வரை இறங்கலாம். மௌண்டிங்குக்குப் பந்தயக் காரில் போடும் கெட்டியான பாலியூரித்தேன் துண்டுகளை விற்க வருவார்கள். வாங்காதீர்கள். புது எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அந்தக் காரின் திரவம் நிரம்பிய மௌண்டிங்கைப் போடுங்கள், பிராக்கெட்டை அதற்கேற்ப அடியுங்கள்.

பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டால் காரில் வேறென்ன நின்றுபோகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சாதாரணக் காரில் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், அவ்வளவுதான். சொகுசுக் காரில் அது வீட்டின் சமையல்காரர், தண்ணீர் மோட்டார், காவல்காரர் எல்லாம். அதைக் கழற்றும்போது எத்தனை பேர் பட்டினி கிடப்பார்கள் என்று கழற்றுவதற்கு முன்பே பட்டியல் எடுக்க வேண்டும்.

மிகக் கடுமையான உதாரணம் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷாடோ. 1965-இல் வந்தது. அதன் பிரேக்கும் பின்பக்க உயரத்தைச் சமன்செய்யும் ஏற்பாடும், சித்ரோயனிடமிருந்து உரிமம் பெற்ற உயர் அழுத்த ஹைட்ராலிக் முறையில் இயங்குகின்றன. 2000 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தரும் இரண்டு பம்புகளும் வி8 எஞ்சினின் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அவற்றை இயக்குவது எஞ்சினின் கேம்ஷாஃப்ட்டேதான். அந்த எஞ்சினைத் தூக்கினால் பிரேக் பம்பும் கூடவே போய்விடும். இரண்டு டன் வண்டி, பிரேக் இல்லாமல். வேறு எஞ்சின் போடுபவர் பெல்ட்டிலோ மின்மோட்டாரிலோ இரண்டு தனித்தனிப் பம்புகளை ஓட்டும் ஏற்பாடு செய்ய வேண்டும். அல்லது பிரேக் முழுவதையும் வேறு முறைக்கு மாற்ற வேண்டும். இரண்டும் எஞ்சின் மாற்றுவதைவிடப் பெரிய வேலை, உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை. சில்வர் ஷாடோவுக்கு என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த வி8-ஐயே ஓவர்ஹால் செய்யுங்கள்.

மெர்சிடஸ் 450எஸ்இஎல் 6.9 காரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஹைட்ரோநியூமேடிக் சஸ்பென்ஷன். அதற்கான எண்ணெய்ப் பம்பும் எஞ்சின் தயவில்தான் சுற்றுகிறது. சித்ரோயன் டிஎஸ்-இல் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் மூன்றும் பெல்ட்டில் ஓடும் ஒரே பம்பை நம்பியிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். 1970-களின் பென்ஸ்களில் சென்ட்ரல் லாக், ஏசியின் காற்றுக் கதவுகள் எல்லாம் எஞ்சினிலிருந்து வரும் வாக்குவத்தில் இயங்குபவை. அவற்றில் டபிள்யூ123 என்ற மாடலின் டீசலில் சாவியைத் திருப்பினால் எஞ்சினை நிறுத்துவதே வாக்குவம்தான். குழாய் ஒன்று கழன்றால் சாவியைக் கையில் எடுத்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் எஞ்சின் இருந்த காரில் டீசல் போடுகிறவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் இருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் வாக்குவம் தானாக உருவாகும், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டர் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். டீசலில் அப்படி உருவாவதில்லை, தனி வாக்குவம் பம்ப் வேண்டும். டர்போ பெட்ரோல் எஞ்சினில் பூஸ்ட் ஏறும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் வந்துவிடும். அப்போது அது பிரேக் பூஸ்டருக்குள் போகாமல் தடுக்க ஒருவழி வால்வு நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

பவர் ஸ்டியரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர், ஹீட்டருக்குப் போகும் சுடுநீர் ஆகியவை ஓரளவு எளிது. ஹோஸ் முனைகள் வேறுபடும், ஆள் வைத்து அடித்துக்கொள்ளலாம். ஏசியில் பழைய ஆர்12 வாயுவின் மினரல் எண்ணெய் புது கம்ப்ரஸரில் கலக்காதபடி முழுவதும் கழுவிவிடுங்கள்.

எஞ்சின் மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது. டோனர் காரை, அதாவது எஞ்சின் எடுப்பதற்கென்றே வாங்கும் காரை, முழுதாக வாங்குங்கள். மோதிய காராக இருந்தாலும் பரவாயில்லை, முன்பக்கம் அடிபடாததாக, ஓடுகிறதாக இருக்க வேண்டும். எஞ்சினோடு இசியு, அதன் முழு வயரிங், சாவியும் திருட்டைத் தடுக்க அந்தச் சாவியைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் பெட்டியும், ஆக்ஸிலரேட்டர் பெடல், கியர்பாக்ஸ், பெட்ரோல் பம்ப், ஆக்ஸிஜன் சென்சார்கள், மௌண்டிங் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மின்னணு த்ராட்டில் உள்ள எஞ்சினில் பெடலும் இசியுவும் ஜோடி. வேறு ஆண்டின் பெடல் வைத்தால் இசியு அதை நம்பாது.

நான் முதல் முறை செய்தபோது எஞ்சினை மட்டும் தனியாக வாங்கினேன். ஒரு சென்சாரின் பிளக்குக்காக மட்டும் மூன்று வாரம் வண்டி சும்மா நின்றது. இரண்டாவது முறை முழுக் காரையே வாங்கி, எதையும் கழற்றுவதற்கு முன் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன்.

இடம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பானட்டைத் திறந்து டேப் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். மேலே இடம் தாராளமாகத் தெரியும், இடிப்பது கீழே. பல பழைய கார்களில் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எஞ்சினுக்கு நேர் கீழே ஓடும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பின் ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எல்எஸ் எஞ்சினுக்கு வெவ்வேறு கார்களுக்கென்று வெவ்வேறு வடிவ சம்ப்கள் உண்டு. அதன் செல்வாக்குக்கு இதுவும் ஒரு காரணம். சம்ப்பை வெட்டி ஒட்டினால் ஆயில் பம்பின் உறிஞ்சு குழாயையும் அதே அளவு மாற்ற வேண்டும். குழாய் நுனி சம்ப்பின் அடித்தளத்திலிருந்து ரொம்ப மேலே நின்றால் வளைவில் காற்றை உறிஞ்சும்.

வலப்பக்க ஸ்டியரிங் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. சந்தையில் கிடைக்கும் தயார் மேனிஃபோல்டுகள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங்கை மனத்தில் வைத்து வளைத்தவை. உங்கள் காரில் ஸ்டியரிங் தண்டு, பிரேக் பூஸ்டர் இரண்டும் வலப்பக்கம். எக்ஸாஸ்ட் குழாய் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு விரல் தூரத்தில் வந்தால் பிரேக் ஆயில் கொதிக்கும். இடையே வெப்பத் தகடு வையுங்கள்.

சரியான வழி: ஹெட், சம்ப், மேனிஃபோல்ட் மட்டும் மாட்டிய வெறும் பிளாக்கைக் கியர்பாக்ஸோடு சேர்த்து உள்ளே இறக்குங்கள். நான்கு சக்கரமும் தரையில், வண்டி தன் சொந்த எடையில் நிற்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்புங்கள். பானட்டை மூடிப் பாருங்கள். பானட்டின் அடிப்பக்கத்துக்கும் எஞ்சினின் மேல்பக்கத்துக்கும் நடுவே களிமண் உருண்டைகளை வைத்து மூடினால் எவ்வளவு இடைவெளி என்று அது சொல்லும். எஞ்சின் தன் மௌண்டிங்கில் குலுங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ளலாமா?

முடியும், ஆனால் பெரும்பாலும் வேண்டாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் கம்ப்யூட்டர் வழியே பேசும் காலத்தது என்றால் இரண்டையும் பிரிக்காதீர்கள். 1980-களின் பென்ஸில் வரும் 722.3 ஆட்டோமேட்டிக், எஞ்சின் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதை வாக்குவம் குழாய் வழியாகவும் ஒரு கேபிள் வழியாகவும் தெரிந்துகொள்ளும். புது எஞ்சின் அந்த மொழி பேசாது. மாற்று ஏற்பாடு செய்யாவிட்டால் ஒவ்வொரு கியரும் முதுகில் குத்துவது போல விழும்.

புது கியர்பாக்ஸின் பெரிய பரிசு ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினைவிட வேகமாக ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுழற்றும் மேல் கியர். கணக்கு இது: டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 833 முறை சுற்றும். பின் ஆக்ஸில் விகிதம் 3.31, மேல் கியர் நேரடி 1 என்றால் எஞ்சின் சுமார் 2,760 சுற்று. அதே ஆக்ஸிலோடு மேல் கியர் 0.70 என்றால் சுமார் 1,930. நெடுஞ்சாலையில் அந்த எண்ணூறு சுற்றுக் குறைவு எந்தச் சத்தத் தடுப்புப் பாயும் தராத அமைதியைத் தரும்.

வேறு வேறு நிறுவனத்தின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அடாப்டர் தட்டு வைத்து இணைக்கிறீர்கள் என்றால் இரண்டின் மையமும் ஒன்றாக இருப்பதை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். 0.13 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில், பெல் ஹவுசிங் போல்ட்டுகளை முறுக்கும் முன் டார்க் கன்வெர்ட்டர் முழுவதும் உள்ளே உட்கார்ந்து கையால் சுழல்கிறதா பாருங்கள். உட்காராமல் போல்ட்டால் இழுத்தால் கியர்பாக்ஸ் பம்ப் அங்கேயே நொறுங்கும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனை யுனிவர்சல் ஜாயிண்ட் கோணங்களும் ஒன்றுக்கொன்று சமமாக, எதிரெதிராக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை ரீங்காரமிடும் மாற்று எஞ்சின் கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் டயரைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

எடை?

பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பதில் அலுமினியம் போட்டால் முன்பக்கம் லேசாகும். நல்லதுதான், ஆனால் மூக்கு தூக்கும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், வீல் அலைன்மெண்ட் மாறும். முன் ஸ்பிரிங்கை மாற்றி, உயரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அலைன்மெண்ட் செய்யுங்கள்.

பெட்ரோல் லைனில் என்ன மாற்ற வேண்டும்?

கார்பரேட்டர் 3 முதல் 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் திருப்தியடையும். எல்எஸ் போன்ற இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு சுமார் 58 பிஎஸ்ஐ வேண்டும். ஆகவே பம்ப், ஃபில்டர், குழாய், கிளிப் எல்லாமே மாற வேண்டும். பழைய ரப்பர் ஹோஸில் இந்த அழுத்தத்தை ஏற்றுவது தீக்குச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது போல. 1970, 80-களின் பென்ஸ் இன்ஜெக்ஷன் கார்களில் ஏற்கெனவே உயர் அழுத்தப் பம்பும் திரும்பு குழாயும் இருக்கும். அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஜாகுவார் எக்ஸ்ஜே வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷத் தலைவலி: பின்பக்கம் இரு புறமும் ஒவ்வொரு டேங்க். சுவிட்ச் போட்டு மாற்றிக்கொள்ளலாம். எஞ்சின் குடிக்காமல் திருப்பி அனுப்பும் பெட்ரோல், எந்த டேங்கிலிருந்து வந்ததோ அதற்கே போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டேங்க் காலியாகும்போது மற்றது மூடி வழியே வழியும். டேங்க் சுவிட்சோடு சேர்ந்து மாறும் திரும்பு வால்வு இதற்காக வேண்டும். கார்பரேட்டர் காரின் பெட்ரோல் டேங்கில் தடுப்புத் தகடுகளும் போதாது. வளைவில் பெட்ரோல் ஒதுங்கினால் எஞ்சின் திணறும். பம்புக்கு முன் ஒரு சிறு சேமிப்புப் பாத்திரம் வைத்தால் தீரும்.

வயரிங்கைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. யாரிடம் கொடுப்பது?

ஸ்பேனர் பிடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். சர்க்யூட் வரைபடம் படிப்பவரிடம் கொடுங்கள். இரண்டும் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டு வழி. ஒன்று, டோனர் காரின் இசியுவையே வைத்து, தேவையில்லாத கம்பிகளை உரித்தெடுப்பது. இம்மொபிலைசரை முறைப்படி மென்பொருளில் நீக்க வேண்டும், அல்லது அதன் பெட்டியையும் சாவியையும் டாஷ்போர்டுக்குள் ஒளித்து வைக்க வேண்டும். மற்றொன்று, தனியாக விற்கும் இசியு போட்டு முதலிலிருந்து டியூன் செய்வது. சுதந்திரம் அதிகம். ஆனால் தொழிற்சாலை வருடக்கணக்கில் மெருகேற்றிய குளிர் ஸ்டார்ட்டும் ஐடிலும் உங்களுக்கு ஒரு மதியத்தில் கிடைக்காது. சொகுசுக் காருக்கு நான் முதல் வழியையே சொல்வேன்.

1960-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் கார் என்றால் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கலாம். புது எஞ்சினின் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் நெகட்டிவ் எர்த். மாற்றாமல் இணைத்தால் முதல் நொடியிலேயே இசியு போகும். அதோடு எஞ்சினிலிருந்து பாடிக்கு நல்ல தடிமனில் இரண்டு எர்த் பட்டைகள் போடுங்கள். பேய் பிடித்த மாதிரி வரும் கோளாறுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

டாஷ்போர்டு மீட்டர்கள் வேலை செய்யுமா?

செய்ய வைக்கலாம், செய்ய வைக்கத்தான் வேண்டும். மரப்பலகையில் டிஜிட்டல் திரை ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆர்பிஎம் மீட்டர் ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி என்று எண்ணுகிறது. வி12-க்கு ஆறு, வி8-க்கு நான்கு. வி12 மீட்டரோடு வி8 இணைத்தால் 3,000 சுற்றை 2,000 என்று காட்டும். இடையே மாற்றிப் பெட்டி வைக்கலாம். ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள் என்றால், புது கியர்பாக்ஸின் மின்துடிப்பைக் கேபிள் சுழற்சியாக மாற்றும் சிறு மோட்டார் பெட்டிகள் கிடைக்கின்றன. வெப்பமானி, ஆயில் பிரஷர் மீட்டருக்குப் பழைய காரின் சென்சாரையே புது பிளாக்கில் மாட்ட அடாப்டர் செய்யுங்கள். இசியுவுக்கு அதன் சொந்தச் சென்சார் தனியாக இருக்கட்டும்.

கூலிங்கில் கவனிக்க வேண்டியது?

எல்எஸ் எஞ்சினில் ஹெட்டிலிருந்து ஆவி வெளியேற மெல்லிய குழாய் உண்டு. அதை அடைத்துவிடுகிறார்கள், "எங்கே இணைப்பது தெரியவில்லை" என்று. ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ, எஞ்சினைவிட உயரத்தில் இருக்கும் கூலன்ட் பாத்திரத்துக்கோ கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் ஹெட்டுக்குள் காற்று தங்கி, மீட்டர் நார்மல் காட்டும்போதே உள்ளே வேகும். பழைய கிரில்லுக்குப் பின்னால் இடம் குறைவு. ஃபேனை ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடும் கூண்டோடு வையுங்கள், ஏசி போட்டு நின்ற இடத்தில் அரைமணி ஓட்டிச் சோதியுங்கள்.

சட்டம், பதிவு, காப்பீடு?

நாட்டுக்கு நாடு மாறும். எங்கும் பொதுவாகக் கேட்கப்படுபவை: பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண் இருக்கிறதா, மாற்றினால் முன் அனுமதி வேண்டுமா, புகைச் சோதனை காரின் ஆண்டைப் பார்த்தா எஞ்சினின் ஆண்டைப் பார்த்தா. எஞ்சினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதை எழுத்தில் வாங்குங்கள். டோனர் காரின் ஆவணங்களையும் பத்திரப்படுத்துங்கள், எஞ்சின் திருட்டுப் பொருள் அல்ல என்று நிரூபிக்க அது ஒன்றுதான் சாட்சி. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றினால் விபத்து நாளில் கை விரிப்பார்கள்.

காரின் மதிப்பு விழுமா?

சேகரிப்பாளர் சந்தையில் விழும். பிறந்த எண்ணோடு இருக்கும் எஞ்சின் உள்ள காருக்குத்தான் அங்கே மரியாதை. பழங்கார்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, பழங்கார் என்பதற்கு வைக்கும் வரையறை 30 வயதோடு நிற்பதில்லை, வரலாற்றுக்கு உண்மையான நிலையில் பேணப்பட வேண்டும் என்றும் கேட்கிறது.

தொழிற்சாலைகளே இதில் சூடுபட்டிருக்கின்றன. 1998-இல் பென்ட்லி ஆர்னாஜ் காரை பிஎம்டபிள்யூவின் 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8 எஞ்சினோடு கொண்டுவந்தார்கள். காகிதத்தில் எல்லா விதத்திலும் நவீனம். வாங்குபவர்கள் 1959-இல் பிறந்த அந்தப் பழைய பென்ட்லி வி8 குடும்பத்தையே கேட்டார்கள். அடுத்த ஆண்டே 6.75 லிட்டர் எஞ்சின் ஆர்னாஜ் ரெட் லேபிளில் திரும்பி வந்தது, 2020 வரை ஓடியது. ஏன் திரும்பக் கேட்டார்கள் என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்ட மாத்திரத்தில், சத்தமே இல்லாமல், பெரிய கப்பல் போல நகர்ந்துவிடும்.

ஆகவே என் விதி: பாடியில் எதையும் வெட்டாதே. ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு நிற்கும் பிராக்கெட்டுகள் மட்டும். பின்னால் வருபவர் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திருப்ப முடிய வேண்டும்.

பழைய எஞ்சினை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் துளையிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, கையால் இரண்டு சுற்று சுற்றி, துளைகளையெல்லாம் அடைத்து, ஸ்டாண்டில் வையுங்கள். கழற்றிய ஒவ்வொரு பிராக்கெட்டையும் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கார் விற்கும் நாளில் அந்த எஞ்சின் கூடவே போக வேண்டும்.

எவ்வளவு செலவாகும், எவ்வளவு நாளாகும்?

எஞ்சினின் விலைதான் மொத்தச் செலவில் சின்னது. பணம் கரைவது வயரிங், எக்ஸாஸ்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், லேத் வேலை, ஏசி இணைப்புகளில். எஞ்சின் உள்ளே உட்காரும் நாளில் "முடிந்தது" என்று தோன்றும். அது பாதிக்கும் முந்தைய இடம்.

மின்மோட்டார் போடலாமே?

போடலாம். அமைதி என்று பார்த்தால் இந்தக் கார்களுக்கு அது பொருத்தமானதுதான். ஆனால் மேலே சொன்ன பிரேக், வாக்குவம், ஹைட்ராலிக், ஹீட்டர் பிரச்சினைகள் எல்லாம் அப்படியே இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் தனி மின்பம்ப் வேண்டும். பேட்டரியின் எடையை எங்கே வைப்பது என்பதும் சேரும். அது தனிப் பக்கம் எழுதும் அளவு பெரிய விஷயம்.

முதல் ஸ்டார்ட் அன்று என்ன செய்ய வேண்டும்?

தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதலில் பெட்ரோல் பம்பின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஊசி எழும் வரை செல்ஃப் மட்டும் போடுங்கள். பத்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம், செல்ஃப் மோட்டார் சூடாகும். பிறகு ஃப்யூஸை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, பெட்ரோல் லைன் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஹீட்டரை முழுவதும் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், உள்ளே தங்கிய காற்று வெளியேறும். வண்டி நகரும் முன் பிரேக் பெடலை எஞ்சின் ஓடும்போதும் நின்ற பிறகும் மிதித்துப் பாருங்கள். நின்ற பிறகும் இரண்டு மூன்று மிதிக்காவது உதவி மிச்சமிருக்க வேண்டும். முதல் நூறு கிலோமீட்டர் முடிந்ததும் வண்டியைத் தூக்கி, மௌண்டிங், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். ஏதோ ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.